எங்கள் வீட்டு எட்டுப் பண்டிகைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் குடியிருக்கிறேன். வீட்டுக்காரர் இந்த ஊர்க்காரர், பேகன் வழிபாட்டுக்காரர். வருடத்துக்கு எட்டு முறை எங்கள் முன்னறையில் மெழுகுவர்த்தியும் புகையுமாக ஒரு பண்டிகை நடக்கும். இந்த ஒன்பது வருடத்தில் போனிலும் கோயில் வரிசையிலும் கல்யாணப் பந்தியிலும் எல்லாரும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேள்விகளை அவரவர் கேட்டபடியே வைத்திருக்கிறேன். பதில்கள் எங்கள் வீட்டு வழக்கப்படி. இன்னொரு பேகன் வீட்டில் வேறு மாதிரி இருக்கலாம்.

"ஒன் வீட்டுக்காரரு என்ன சாமி கும்பிடுதாரு? வேதக்காரங்கதானே?"

இல்லை, அத்தை. அவருடைய பெற்றோர் சர்ச்சுக்குப் போகிறவர்கள், இவர் போவதில்லை. பேகன் என்பது நாட்டுப்புறத்தான் என்கிற பொருளில் வந்த லத்தீன் சொல். கிறிஸ்தவம் வந்தபின், அதில் சேராதவர்களைக் குறிக்கும் பெயராக மாறிப்போனது. அந்தப் பெயரையே இன்று விரும்பி வைத்துக்கொள்கிறார்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக சுமார் 74,000 பேர் மதம் என்ற இடத்தில் பேகன் என்றே எழுதினார்கள். பேகன்களிலேயே ஒரு பிரிவான விக்கா என்று எழுதியவர்கள் இன்னொரு 13,000 பேர்.

இவர் எந்தக் குழுவிலும் இல்லை. சூரியன், மண், பருவம், அப்புறம் பிரிகிட் என்கிற ஐரிஷ் தெய்வம். நம் வீட்டில் குலசாமி ஒன்று, இஷ்ட தெய்வம் ஒன்று இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"எட்டுப் பண்டிகைன்னா என்னென்ன? எப்ப எப்ப வரும்?"

நான்கு சூரியனை வைத்து வருபவை. டிசம்பர் 21 வாக்கில் ஆண்டின் மிகக் குறுகிய பகல், அது யூல். ஜூன் 21 வாக்கில் மிக நீண்ட பகல், அது லிதா. பகலும் இரவும் சமமாகிற மார்ச் 20 வாக்கில் ஓஸ்டாரா, செப்டம்பர் 22 வாக்கில் மேபன். மற்ற நான்கும் இவற்றுக்கு இடையில் விழும்: பிப்ரவரி முதல் தேதி இம்போல்க், மே முதல் தேதி பெல்டேன், ஆகஸ்ட் முதல் தேதி லூனாசா அல்லது லாமஸ், அக்டோபர் 31 இரவு சவின். ஆக ஆறேழு வாரத்துக்கு ஒன்று. ஒன்றின் மெழுகைச் சுரண்டி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.

சவினை ஆங்கில எழுத்துகளில் பார்த்துவிட்டு "சம்ஹைன்" என்று வாசிக்காதவர் கிடையாது. நான் ஒரு வருடம் முழுக்க அப்படித்தான் சொன்னேன். வாழைப்பழத்தின் ழகரத்தை இசட்-எச் போட்டு எழுதுகிற ஊரிலிருந்து வந்தவளுக்கு இதில் குறை சொல்ல இடமில்லை.

"இதெல்லாம் ரெண்டாயிரம் வருஷப் பழசா?"

துண்டு துண்டாகப் பழசு, தொகுப்பு புதுசு. சவினும் பெல்டேனும் இடைக்கால ஐரிஷ் நூல்களிலேயே இருக்கின்றன. ஆனால் எட்டையும் ஒரே சக்கரத்தில் கோத்தது 1950களில்தான். அதில் முக்கியமானவர் ஜெரால்டு கார்ட்னர். இவர் கதை நமக்கும் கொஞ்சம் பக்கத்தில் வரும்: இளவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார், பிறகு மலாயாவில் ரப்பர் தோட்டம், சுங்க இலாகா என்று இருந்தார், 1936இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பினார். பழைய சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டதும் விக்காவைப் பற்றி வெளிப்படையாக எழுத ஆரம்பித்தார். அவருடைய நண்பர் ராஸ் நிக்கல்ஸ், பழங்காலப் பிரிட்டனின் பூசாரிகளான ட்ரூயிட்களின் மரபைப் பின்பற்றியவர். இந்த இருவர் வட்டத்திலிருந்துதான் எட்டுப் பண்டிகை வரிசை பரவியது. மேபன் என்ற பெயர் இன்னும் புதுசு, 1970களில் அமெரிக்காவில் ஏடன் கெல்லி என்பவர் வைத்தது.

இது வீட்டுக்காரருக்கும் தெரியும், அவருக்கு அதில் வருத்தமில்லை. எனக்கும் இல்லை. எங்கள் வீட்டுப் பொங்கல் குக்கரில்தான் வேகிறது. விசில்தான் குலவை.

"வீட்டுக்குள்ள அப்படி என்னதான் செய்வீங்க? மந்திரம் உண்டா?"

செருப்பு அலமாரியின் மேல்தட்டுதான் பீடம். அதில் வடக்குக்கு மண் அல்லது கல், கிழக்குக்கு ஊதுபத்தி, தெற்குக்கு மெழுகுவர்த்தி, மேற்குக்குத் தண்ணீர்க் கிண்ணம். அவர் வலமாகச் சுற்றிவந்து ஒரு வட்டம் போடுவார். நான்கு திசைகளையும் ஒவ்வொன்றாக வரவேற்பார். அந்தப் பருவத்துக்கான நாலு வரி சொல்வார். சமஸ்கிருதம் மாதிரி தனி மொழியெல்லாம் கிடையாது, ஆங்கிலம்தான், பாதி அவரே எழுதியது. பிறகு ரொட்டியோ கேக்கோ, குடிக்க ஏதாவது. திசைகளுக்கு நன்றி சொல்லி வழியனுப்பி வட்டத்தைக் கலைத்தால் முடிந்தது. அரை மணி நேரம், எதுவும் தீப்பிடிக்காவிட்டால்.

மூன்று வருடம் ஜன்னல் பக்கச் சுவர்தான் வடக்கு என்று நினைத்து வணங்கிக்கொண்டிருந்தோம். ஒருநாள் அலமாரி மாட்ட வந்த என் தம்பி போனில் திசைகாட்டியைத் திறந்தான். அது மேற்கு. தண்ணீருக்குப் போகவேண்டிய மரியாதையை மூன்று வருடம் மண் வாங்கியிருக்கிறது. அடுத்த பண்டிகையில் வீட்டுக்காரர் நான்கு திசைகளிடமும் முறைப்படி மன்னிப்புக் கேட்டார். நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன், ஆனால் அவர் நிஜமாகவே வருந்தித்தான் கேட்டார்.

பீடத்துக்குப் பக்கத்தில் குச்சிகளைக் கட்டிச் செய்த ஒரு துடைப்பம் நிற்கும். பழைய பருவத்தைப் பெருக்கித் தள்ள. எங்கள் அம்மா வந்திருந்தபோது இதைத்தான் தாங்கவே முடியவில்லை. "சாமி பக்கத்துல வாரியலை யாராவது வைப்பாங்களா?" என்று எடுத்துக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைப்பார். இவர் தேடி எடுத்து மறுபடி வைப்பார். ஆறு வாரம் அந்தத் துடைப்பம் ஓய்ந்ததே இல்லை.

"புகை அலாரம் அடிக்காதா?"

அடிக்கும்! எங்கள் தெருவில் எங்களைத் தெரியாதவர் இல்லை என்றால் அதற்கு இதுதான் காரணம். முதல் சவினில் காய்ந்த சேஜ் இலைக்கட்டைக் கொளுத்தி அறையைச் சுத்தி செய்கிறேன் என்று ஆரம்பித்தார். வடக்கை அழைப்பதற்குள் அலாரம் கத்தியது. தட்டு எடுத்து விசிறினால் இன்னும் சத்தம். பக்கத்து வீட்டுப் பாட்டி நைட் கவுனோடு ஓடிவந்தார். அதிலிருந்து அலாரம் கேட்டால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார், தீயா திருவிழாவா என்று அர்த்தம். நாங்கள் ஒரு தட்டு தட்டினால் திருவிழா.

எப்படிச் சமாளிப்பது என்று கேட்பவர்களுக்கு: பேட்டரியைக் கழற்றாதீர்கள். மெழுகுவர்த்தியும் நெருப்பும் இருக்கிற ராத்திரியில் கழற்றக்கூடாத ஒன்று அதுதான். முதலில் ஜன்னலைத் திறங்கள், பிறகு கொளுத்துங்கள். சாம்பிராணி போட்டுப் பழகிய நமக்கு இது தெரியும், இவர்களுக்குத் தெரியாது, குளிருக்குப் பயந்து மூடியே வைப்பார்கள். வெள்ளை சேஜ் வேண்டவே வேண்டாம். தெற்குக் கலிஃபோர்னியாப் பக்கத்துச் செடி அது, அங்குள்ள பழங்குடிகள் புனிதமாக வைத்திருப்பது. காட்டில் திருட்டுத்தனமாக வெட்டி விற்கிறார்கள். தோட்டத்து ரோஸ்மேரி இரண்டு கிளை போதும். எங்கள் வீட்டில் இப்போது அதுவும் இல்லை. ரோஸ்மேரி ஊறிய தண்ணீரை மாவிலைக்குப் பதில் ஒரு கொத்து இலையால் தெளிக்கிறோம். என் யோசனைதான்.

"பாதியில பாத்ரூம் வந்தா என்ன செய்ய?"

சிரிக்காதீர்கள், இதற்கு முறையே இருக்கிறது. போட்ட வட்டத்தை இஷ்டத்துக்குத் தாண்டக்கூடாது. சடங்குக் கத்தியால் காற்றில் ஒரு கதவு வரைந்து, அதைத் திறந்து போய், திரும்பி வந்து மூட வேண்டும். எங்கள் மகளுக்கு நாலு வயதானபோது ஒரு யூலில் ஐந்து தடவை கதவு திறந்தோம். மூன்றாவது தடவை அவளே மரக்கரண்டியை எடுத்து வரைந்துகொண்டு ஓடினாள். பூனைக்கு இந்தச் சட்டம் கிடையாது. பூனை நடந்தால் வட்டம் உடையாது என்று பல பேகன்கள் சொல்வார்கள். உடையும் என்று சொன்னாலும் பூனை கேட்கப் போவதில்லை.

உப்பால் வட்டம் போடுகிறவர்களும் உண்டு. கார்ப்பெட்டில் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டோம். புல்வெளியில் போடவே கூடாது, போட்ட இடத்தில் புல் கருகி வட்டமாகவே நிற்கும்.

"அந்தக் கத்திய பஸ்ல கொண்டுபோக முடியுமா?"

மேலே சொன்ன கத்திக்கு அதமே என்று பெயர், கறுப்புப் பிடி. பெரும்பாலும் எதையும் வெட்டுவதில்லை. ஆனால் போலீஸுக்கு அது கத்திதான். இங்கே 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது குற்றம். மூன்று அங்குலத்துக்கு உட்பட்ட சாதாரண மடக்குக் கத்திக்குத்தான் விலக்கு. மதக் காரணம் சொல்லி வாதாடலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்குப் பஸ் நிறுத்தத்தில் நின்று வாதாட யாருக்குத் தெம்பு இருக்கிறது? வெளியே போனால் மரக்கரண்டிதான்.

"துணியில்லாம ஆடுவாங்கன்னு யூடியூப்ல பாத்தேனே..."

எல்லாரும் இதைக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள், அதனால் நானும் சுருக்கமாகச் சொல்கிறேன். கார்ட்னருக்கு உடையில்லாமல் வெயில் காய்கிற சங்கங்களில் ஈடுபாடு உண்டு. அவர் வழியில் வந்த விக்கா குழுக்களில் சில இன்றும் உடையின்றிச் சடங்கு செய்கின்றன. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "வானத்தை உடுத்தியவர்" என்று பொருள்படும். நம் திகம்பரர் என்ற சொல்லுக்கும் அதே பொருள்தான். எங்கள் வீட்டில் பிப்ரவரியில் ஹீட்டரைப் பதினேழு டிகிரிக்கு மேல் வைத்தால் கரண்ட் பில்லைக் காட்டி நானே அணைத்துவிடுவேன். இரண்டு ஸ்வெட்டர், கம்பளிக் காலுறை. அதுதான் எங்கள் சடங்கு உடை.

"பலி கொடுப்பாங்களாமே?"

இதைக் கேட்ட மாமா வருடம் தவறாமல் சுடலைமாடன் கொடைக்கு வரி கட்டி, கிடா வெட்டுக்கு முன்வரிசையில் நிற்பவர். மாமா, இங்கே பலியெல்லாம் இல்லை. ரொட்டியில் ஒரு துண்டும் ஆப்பிள் சைடரில் ஒரு வாயும் தோட்டத்து மரத்தடியில் வைப்போம். ரொட்டியை அணில் தூக்கிப்போகும். சைடர் கிண்ணத்தை மறந்து அங்கேயே விட்டால் காலையில் ஏழெட்டு நத்தை குடித்துவிட்டுக் கிடக்கும். அதைப் பலி என்று கணக்கு வைத்தால் உண்டு.

"மார்ச்ல ஒருநாள் முட்டை தன்னால நிக்குமாமே?"

நிற்கும். மறுநாளும் நிற்கும், ஆடி அமாவாசைக்கும் நிற்கும். பொறுமையும் சொரசொரப்பான ஓடும் இருந்தால் என்றைக்கும் முட்டையை நிறுத்தலாம். ஓஸ்டாரா என்ற பெயருக்கும் ஆதாரம் மெலிசுதான்: பீட் என்ற துறவி 725இல் எழுதிய நூலில் இயோஸ்ட்ரே என்று ஒரு தெய்வத்தைச் சொல்கிறார், அவ்வளவுதான். முயலும் முட்டையுமாக அவளைச் சுற்றி இன்று சொல்லப்படும் கதைகள் அவர் எழுத்தில் இல்லை. நாங்கள் முட்டைக்குச் சாயம் பூசுவோம், மறுநாள் முட்டைக்குழம்பு. வெங்காயத் தோலில் வேகவைத்த முட்டை நன்றாகச் சிவக்கும். பீட்ரூட்டில் வேகவைத்தால் நிறம் முட்டையைவிடக் கைக்கு நன்றாகப் பிடிக்கும்.

"ஸ்டோன்ஹெஞ்சுக்குப் போறதில்லையா?"

அந்தப் பழங்காலக் கல்வட்டத்துக்கு ஒரு லிதாவுக்குப் போனோம். 2000ஆம் ஆண்டிலிருந்து அந்த இரவில் கற்களுக்கு நடுவிலேயே இலவசமாக விடுகிறார்கள். ராத்திரி முழுக்க நின்றோம், மேகம், சூரியனைப் பார்க்கவில்லை, கார் நிறுத்துமிடத்தைவிட்டு வெளியே வர இரண்டு மணி நேரம். ட்ரூயிட்கள் அதைக் கட்டவில்லை என்பதை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ட்ரூயிட் ஒருவரே சொன்னார். அவர்கள் காலத்துக்கு இரண்டாயிரம் வருடம் முந்தியது அது. அதன்பின் லிதாவுக்கு எங்கள் வீட்டு மொட்டைச் சுவரே போதும்.

"நம்ம பொங்கலும் அவங்க யூலும் ஒண்ணுதானா?"

என் மதினி கேட்டது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. உத்தராயணம், அதாவது சூரியன் வடக்கே திரும்புவது, நிஜத்தில் நடப்பது டிசம்பர் 21 வாக்கில்தான். நாம் தை முதல் நாளுக்குக் கொண்டாடுகிறோம். நம் பஞ்சாங்கம் சூரியனை நட்சத்திரங்களை வைத்து அளக்கிறது. பூமியின் அச்சு மெல்ல ஆடுவதால் பருவமும் நட்சத்திரமும் சுமார் எழுபத்திரண்டு வருடத்துக்கு ஒருநாள் விலகிப்போகின்றன. ஏறக்குறைய 1700 வருடத்துக்கு முன்னால் இரண்டும் ஒரே நாளில் விழுந்திருக்கும். ஆக இவர்களும் நாமும் ஒரே திருப்பத்தைத்தான் கொண்டாடுகிறோம், இருபத்துநாலு நாள் தள்ளி. எனக்குச் சௌகரியம், ஒரே வாரத்தில் இரண்டையும் சமைக்க வேண்டாம்.

யூலுக்கு ஒரு பெரிய கட்டையை எரிப்பது வழக்கம். போன வருடத்துக் கட்டையின் மிச்சத்தை வைத்து இந்த வருடத்துக் கட்டையைப் பற்றவைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அடுப்புக்கணப்பு இல்லை என்பதால் மரக்கட்டையில் மூன்று துளை போட்டு மெழுகுவர்த்தி செருகுவார். முதல் வருடம் காட்டிலிருந்து எடுத்துவந்த கட்டையைக் கழுவாமல் நடு மேசையில் வைத்துவிட்டார். அறைச்சூட்டில் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த மரப்பேனும் சிலந்தியும் விழித்து, விருந்தாளிகளுக்கு முன்னால் வரிசையாக இறங்கி வந்தன. வாங்கி வரும் கட்டையை ஒரு வாரம் வெளிக் கொட்டகையில் வைத்துத் தட்டி எடுங்கள். அதில் மீந்ததை நான் போகிக்கு எரித்துவிடுகிறேன், எனக்கும் ஒரு வேலை முடிந்தது.

"பெல்டேனுக்குத் தீயைத் தாண்டணுமாமே. அபார்ட்மென்ட்ல எப்படி?"

எடின்பரோவில் கால்டன் ஹில் மேல் 1988இலிருந்து ஏப்ரல் 30 இரவு பெரிய தீ விழாவே நடக்கிறது. வீட்டுக்குள் அதெல்லாம் ஆகாது. கனமான இரும்புச் சட்டியில் மணல் போட்டு ஒரே ஒரு குட்டி மெழுகுவர்த்தி, அதைத் தாண்டினால் தாண்டியதுதான். தீமிதி பார்த்து வளர்ந்தவளுக்கு இது தமாஷாகத்தான் இருந்தது. ஆனாலும் நைலான் பாவாடையைத் தூக்கிச் செருகாமல் தாண்டாதீர்கள், சொல்லிவிட்டேன்.

மேபோல் கம்பத்தில் ரிப்பன் பின்னுவதையும் முயன்றோம், மாப் கம்பை ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றவர்கள் சுற்றினோம். பாதிப் பேர் வலமாக, பாதிப் பேர் இடமாகப் போய் மேலும் கீழுமாக மாறி மாறி நுழைய வேண்டும், அதனால் சுற்றுகிறவர்கள் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். சுற்றிய நாங்கள் ஐந்து பேர். பின்னலுக்குப் பதிலாக மாப் பிடித்திருந்த அண்ணன்தான் கட்டப்பட்டார். 1644இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் மேபோல்களைத் தடைசெய்தது, காரணம் வேறு, ஆனால் அன்று அண்ணன் அதை ஆதரித்திருப்பார்.

"மெல்போர்ன்ல இருக்கோம். நாங்க எப்போ செய்யணும்?"

சக்கரத்தை ஆறு மாதம் திருப்பிக்கொள்ளுங்கள். அங்கே யூல் ஜூனில், லிதா டிசம்பரில். கடையெல்லாம் ஹாலோவீன் பூசணிக்காய் விற்கும்போது நீங்கள் பெல்டேன் கொண்டாடுவீர்கள். சூரியன் வடக்கு வானத்தில் போவதால் பலர் நெருப்பை வடக்கில் வைத்து, வட்டத்தையும் இடமாகச் சுற்றுகிறார்கள். மூன்று வருடம் திசை தப்பாகக் கும்பிட்டவள் சொல்கிறேன், முதல் வேலையாகத் திசைகாட்டியைப் பாருங்கள்.

சென்னையில் செய்யலாமா என்று இன்னொருவர் கேட்டார். செய்யலாம், ஆனால் அங்கே நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். லண்டனில் 16 மணி 38 நிமிடப் பகல் டிசம்பரில் எட்டு மணி நேரத்துக்கும் கீழே இறங்கிவிடும். மூன்றே முக்கால் மணிக்கு இருட்டுகிற ஊரில் இருந்து பார்த்தால்தான் சூரியன் திரும்புவதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று விளங்கும்.

"சவின் அன்னிக்கு செத்தவங்களுக்குச் சோறு வைப்பாங்களாமே, நம்ம அமாவாசை மாதிரியா?"

கிட்டத்தட்ட. மௌன விருந்து என்று ஒன்று. இறந்தவர்களுக்கு ஒரு தட்டு அதிகமாக வைத்து, பரிமாறி, சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் பேசக்கூடாது. எல்லா பேகன்களும் செய்வதில்லை, எங்கள் வீட்டில் உண்டு. அவருடைய தாத்தாவுக்கு உருளைக்கிழங்கும் குழம்பும். எங்கள் ஆச்சிக்கு நான் சொதி வைத்து அப்பளம் பொரித்து வைப்பேன். காக்காய்க்கு வைக்காமல் தட்டில் வைப்பது முதலில் ஒருமாதிரியாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் தோட்டத்தில் கொட்டினால் காக்காய் வந்துவிடுகிறது, அது என் திருப்திக்கு.

அன்றைக்கே ஹாலோவீன் என்பதால் மௌனம் நிற்காது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பேயும் எலும்புக்கூடும் வாசல் மணியை அடிக்கும். முன்பெல்லாம் வீட்டுக்காரருக்கு எரிச்சல் வரும். இப்போது முறை வைத்து எழுந்துபோய் வாய் திறக்காமல் மிட்டாயை அள்ளிப் போடுகிறோம். பேசாமல், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், கறுப்பு அங்கியோடு நிற்கும் ஆளைப் பார்த்துப் பிள்ளைகள் நிஜமாகவே பயப்படுகிறார்கள். தெருவிலேயே நல்ல வேஷம் எங்கள் வீட்டில்தான் என்று பெயர். ஆச்சி இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார். அந்தத் தட்டைப் பார்த்து நானும் வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் போன வருடமும் உண்டு. மௌனம் கலைந்தது தப்பில்லை என்று முடிவுசெய்தோம்.

"எங்களையும் ஒரு தடவை கூப்பிடேன். வந்தா என்ன கொண்டு வரணும்?"

லாமஸுக்கு வாருங்கள். ஆகஸ்ட் முதல் தேதி, கோதுமை அறுவடையின் முதல் ரொட்டிக்கான நாள். வீட்டுக்காரர் வருடா வருடம் கையால் ரொட்டி சுடுவார், வருடா வருடம் அது செங்கல்லாக வரும். அதையும் ஒரு துண்டு சாப்பிடத்தான் வேண்டும். ஆடிப்பெருக்கும் ஓரிரு நாள் தள்ளி வருவதால் புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் நான் கிண்டிவிடுவேன். நீங்கள் அப்பளமும் மோர்மிளகாயும் கொண்டுவந்தால் போதும். பூ கொண்டுவரலாம், ஊதுபத்தி வேண்டாம். பின்கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவர்தான் அலாரம் அடித்தால் எழுந்து கதவைத் திறக்க வேண்டும். சுவரில் தட்டு கேட்டால் திருப்பி ஒரே ஒரு தட்டு.